குள்ளநரியும் குறுநரியும்: வளர்ந்தவர்களின் கார்ட்டூன் ரசனை

தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்ட குழந்தைகள் கார்ட்டூன்களைச் சிறுவயதில் பார்த்தவர்கள், வளர்ந்த பின்னரும் அவற்றைத் தங்கள் தலைமுறையின் அடையாளமாக முன்வைப்பது இன்று தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் ஒரு போக்கு. 'டோராவின் பயணங்கள்', 'ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்' ஆகிய இரண்டும் இதில் முதன்மையானவை. இவற்றின் ரசிகர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். வேலைக்குச் செல்பவர்கள், சிலர் பெற்றோரும்கூட. இக்கட்டுரை அந்த ரசனையைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் மொழிச்சூழலில் வைத்து ஆராய்கிறது.

பின்புலம்

சன் குழுமத்தின் சுட்டி டிவி 2007 ஏப்ரல் 29 அன்று தொடங்கப்பட்டது. 2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். வீட்டுக்கு முதல்முறையாகத் தொலைக்காட்சி வந்த அதே காலத்தில், நாள் முழுக்கத் தமிழில் குழந்தைகளுடன் பேசும் ஓர் அலைவரிசையும் வந்தது. டோரா அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் நிக்கலோடியனில் ஒளிபரப்பாகத் தொடங்கிய தொடர். ஜாக்கி சான் தொடர் 2000 முதல் 2005 வரை 95 அத்தியாயங்களாக வெளிவந்து முடிந்தது. அமெரிக்கக் குழந்தைகள் சில ஆண்டுகளுக்கு முன்பே பார்க்கத் தொடங்கிய தொடர்கள்தான் சுட்டி டிவி வழியாகத் தமிழ்க் குழந்தைகளுக்குப் புதிதாக வந்து சேர்ந்தன.

இத்தொடர்களை '90ஸ் கிட்ஸ்' நினைவுகளின் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். கணக்கு ஒத்துவரவில்லை. 1990-ல் பிறந்தவருக்குச் சுட்டி டிவி வந்தபோது வயது 17. அவருடைய குழந்தைப்பருவம் தூர்தர்ஷனுக்கும் 1997-ல் வந்த சக்திமானுக்கும் உரியது. டோராவின் கேள்விகளுக்கு உண்மையிலேயே பதில் சொன்னவர்கள் 1998-க்குப் பின் பிறந்தவர்கள், அதாவது '2கே கிட்ஸ்' என்று கேலி செய்யப்படும் கூட்டத்தினர். ஆக, அந்த அடைமொழி பிறந்த ஆண்டைக் குறிப்பதல்ல. யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று முடிவுசெய்யும் ஒரு வாசல் அது.

இரு நரிகள்

டோராவின் நண்பனான குரங்கு மூலத்தில் பூட்ஸ். தமிழில் புஜ்ஜி ஆனது. ஸ்வைப்பர் என்ற நரி தமிழில் குள்ளநரி. அது பொருட்களைப் பறிக்க வரும்போது "குள்ளநரி திருடக்கூடாது" என்று குழந்தைகள் சேர்ந்து சொல்லவேண்டும். 2011-ல் சன் குழுமமே மலையாளத்தில் கொச்சு டிவியைத் தொடங்கியது. அதில் அதே வரி "குறுநரி மோஷ்டிக்கருது" என்று ஒலித்தது. தமிழகத்தில் தமிழ் வரியும் கேரளத்தில் மலையாள வரியும் பெரியவர்களின் நக்கல்மொழியாக நிலைத்துவிட்டன.

கன்னியாகுமரி மாவட்டம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியுடன் இருந்த நிலம் இது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களடங்கிய நாஞ்சில்நாட்டைவிட, மேற்கே விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மலையாளம் காதுக்குப் பழகிய மொழி. குழித்துறையில் வளர்ந்த ஒருவர் இரு நரிகளையும் அறிந்திருப்பது இயல்பு. இந்த இரட்டை நினைவு சென்னையில் வளர்ந்தவருக்குக் கிடையாது.

ஆனால் இரு நரிகளுமே வீட்டுப்பேச்சில் இல்லாதவை என்பதுதான் கவனிக்கத்தக்கது. நாஞ்சில்நாட்டு வீட்டில் திருடன் என்ற சொல் புழங்காது. அங்கே இருப்பவன் கள்ளன், அவன் செய்வது களவு. சிறுவனை அழைக்கும் சொல் 'மக்கா'. 'திருடக்கூடாது' என்பது பாடப்புத்தகமும் தொலைக்காட்சியும் கொண்டுவந்த சொல்லாட்சி. மொழிமாற்றத் தமிழ் எந்த வட்டாரத்துக்கும் உரியதல்லாத ஒரு பொதுத்தமிழ். நாகர்கோவில்காரரும் கோயம்புத்தூர்காரரும் கல்லூரி விடுதியில் முதல்நாள் சந்திக்கும்போது, ஒருவர் பேச்சை இன்னொருவர் கேலி செய்யாமல் பகிர்ந்துகொள்ளத்தக்க சில வரிகளை அது தந்தது. இந்த ரசனையின் உண்மையான பயன் இது என்று சொல்லலாம். அதற்குக் கொடுக்கப்பட்ட விலை, குழந்தைகளுக்கான திரையில் நாஞ்சில் பேச்சு ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போனது.

விமர்சனம்

மேலைநாடுகளில் இதற்கு இணையாகச் சுட்டப்படுவது 2010-ல் தொடங்கிய 'மை லிட்டில் போனி: ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்' தொடரின் வயதுவந்த ரசிகர்கூட்டம். 'ப்ரோனி' எனப்பட்ட அவர்கள் 2011 முதல் 2019 வரை ஆண்டுதோறும் மாநாடு கூட்டினர். ஒப்பீடு பாதிதான் பொருந்தும். அவர்களில் பெரும்பாலானோர் பெரியவர்களான பின்பு அத்தொடரைக் கண்டடைந்து, வெட்கமின்றி விரும்பியவர்கள். நம்மவர்கள் நினைவிலிருந்து விரும்புகிறார்கள், அதையும் கிண்டலாகவே சொல்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் நிற்கும் மலையைப் பார்த்தீர்களா என்று கேட்கும் டோராவைப் பகடி செய்யாத ரசிகர் குறைவு. கேள்வி கேட்டுவிட்டுச் சற்றுநேரம் மௌனமாகக் காத்திருப்பது அத்தொடரின் திட்டமிட்ட உத்தி. குழந்தை பதில் சொல்வதற்கான இடம் அது. அந்த இடத்தை ஒருகாலத்தில் உரக்கப் பதில்சொல்லி நிரப்பியவர்களே இப்போது சிரித்து நிரப்புகிறார்கள். விருப்பத்தை நேரடியாக ஒப்புக்கொள்ளக் கூசும் ஒரு சமூகத்தில் கிண்டல்தான் அனுமதிக்கப்பட்ட பாசம்.

நெருக்கமான ஒப்பீடு சிவகாசியில் இருக்கிறது. 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஆகியவற்றின் வாசகர்களும் வளர்ந்த பின் விடாதவர்களே. அவர்களும் விரும்பியது பிரிட்டிஷ் மூலத்தை அல்ல, தமிழாக்கத்தை. ஆனால் அவர்கள் சந்தா கட்டினார்கள், ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள், மறுபதிப்பு கேட்டுச் சண்டையிட்டார்கள். அந்த அடையாளம் ஒரு பதிப்பகத்தை உயிரோடு வைத்திருந்தது. (அது குழந்தைகளுக்கான இதழாக நீடிக்கவில்லை என்பது வேறு விவாதம்.) கார்ட்டூன் ரசிகர் எதையும் வாங்கவில்லை, சேகரிக்கவில்லை. அவரிடம் இருப்பது சில வரிகளும், அவற்றைச் சொன்ன குரல்களின் ஞாபகமும் மட்டுமே.

அந்தக் குரல்களைப் பற்றிய அக்கறையின்மைதான் இந்த ரசனையின் பெரிய குறை. ஜாக்கி சான் தொடரில், மூலத்தில் 'அங்கிள்' என்று மட்டுமே அழைக்கப்படும் கிழவர், பேசி முடித்துப் போனபின் திரும்பிவந்து இன்னொன்று என்று தொடங்குவார். அந்தச் சலிப்பும் அதட்டலும் தமிழில் எழக் காரணம் ஒரு பின்னணிக் குரல் கலைஞரும், வாயசைவுக்கு ஏற்பத் தமிழை வெட்டியும் நீட்டியும் எழுதிய ஒரு வசனகர்த்தாவும். இத்தகைய தொடர்களின் தமிழ் வடிவங்களில் அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. திரைப்படத்தின் துணைநடிகர் பெயர்வரை மனப்பாடமாகச் சொல்லும் தமிழ் ரசிகர், தன் குழந்தைப்பருவத்தையே உருவாக்கிய குரல் யாருடையது என்று கேட்டதில்லை. மூலத்தொடர்களுக்கு அத்தியாயவாரியான பட்டியல்கள் உள்ளன. தமிழ் வடிவங்களுக்கும் அப்படி ஒன்று தேவை. எந்த அத்தியாயம் எப்போது ஒளிபரப்பானது, யார் பேசினார், யார் எழுதினார் என்று தொகுப்பதற்கு அந்தக் கலைஞர்களைத் தேடிச்சென்று கேட்கவேண்டும். அவர்கள் இன்னும் பேசக்கூடிய வயதில்தான் இருப்பார்கள்.