நீதியின் தரமும் அளவுகோலின் வர்க்கச் சார்பும்

நீதிமன்றச் சீர்திருத்தம் பற்றி அண்மைக்காலத்தில் எழுந்துள்ள எழுத்துக்களை நோக்குமிடத்து, தொழிற்சாலையின் மொழி நீதிமன்றத்துட் புகுந்துள்ளமையை எளிதிற் கண்டுகொள்ளலாம். தர முகாமைத்துவம், செயலாற்றுகைக் குறிகாட்டி, வாடிக்கையாளர் திருப்தி என்பன அம்மொழியின் கலைச்சொற்கள். சொற்களின் சமூக அடித்தளத்தை விசாரிப்பது இலக்கிய விமர்சனத்தின் பணிகளுள் ஒன்றாதலின், நாம் இதில் தலையிடுவது எல்லை மீறலாகாது.

தாமதம் கொடுமையானது என்பதில் எமக்கு ஐயமில்லை. சாள்ஸ் டிக்கன்ஸ் 1852-53இல் வெளியிட்ட ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில், தலைமுறைகளாக நீளும் மரபுரிமை வழக்கொன்று, சொத்து முழுவதும் வழக்குச் செலவிற் கரைந்துபோன நிலையிலேயே முடிவுறுகிறது. காத்திருக்க வசதியுள்ளவனுக்குத் தாமதம் ஓர் ஆயுதம். கூலியை நம்பி வாழ்பவனுக்கு அதுவே தோல்வி. எனவே, வழக்குகள் விரைந்து முடிதல் வேண்டும் என்ற கோரிக்கை முற்போக்கானதே. பின்லாந்தின் ரொவானியமி மேன்முறையீட்டு நீதிமன்ற எல்லைக்குள் 1999இல் தொடங்கிய தரத் திட்டத்தில், நீதிபதிகள் தாமே கூடித் தண்டனை விதிப்பிலுள்ள முரண்பாடுகள் முதலியவற்றை விவாதித்தனர். இத்தகைய முயற்சிகளைப் பரிகசிப்பது வெறும் வரட்டுவாதமாகும்.

சிக்கல் அளவுகோலிலேயே உள்ளது. 2002இல் ஐரோப்பிய அவை நிறுவிய நீதி வினைத்திறன் ஆணைக்குழு கையாளும் இரு குறிகாட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் முடிவுற்ற வழக்குகளை, அவ்வாண்டிற் புதிதாக வந்தவற்றால் வகுத்து நூற்றுவீதமாக்குவது ஒன்று. ஆண்டிறுதியில் நிலுவையிலுள்ளவற்றை முடிவுற்றவற்றால் வகுத்து, 365ஆற் பெருக்கி, நாட்களாகக் கூறுவது மற்றையது. இரண்டும் வாயிலைக் கடந்து உள்ளே வந்தோரையே எண்ணுகின்றன. வாயிலிலே திரும்பியோருக்கு அவற்றில் இடமில்லை.

பிரித்தானிய அனுபவம் இதனைத் துலக்கும். அங்கு 2013 யூலையில், தொழில் நியாயசபைகளில் வழக்கிடுவதற்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. நியாயமற்ற பணிநீக்கம் பற்றிய முறைப்பாட்டை விசாரணைவரை கொண்டுசெல்ல, கட்டணச் சலுகை பெறாத ஒருவர் 1,200 பவுண் செலுத்தவேண்டியிருந்தது. முறைப்பாடுகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீழ்ச்சியுற்றன. இதனை மேற்கூறிய வாய்பாடுகளில் இட்டுப் பார்ப்போமாயின், வரவு குறைந்து பழைய வழக்குகள் முடிய முடிய முதலாவது விகிதம் உயரும். நிலுவை கரைவதால் நாட்களும் குறையும். வேலையிழந்தவரை வெளியே நிறுத்தியமை தர மேம்பாடாகத் தோற்றும்! யூனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கிலே, 2017 யூலையில், அந்நாட்டின் உயர் நீதிமன்றம் அக்கட்டணம் சட்டவிரோதமானது எனத் தீர்ப்பளித்தது. நான்காண்டுகளாக அடைபட்டிருந்த வாயிலைத் திறப்பித்தவர்கள் அமைப்பாகத் திரண்ட தொழிலாளரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லும் இவ்வாறே மயக்கந் தருவது. நியாயசபையில் முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே நிற்கின்றனர். இவருள் எவருடைய திருப்தி அளக்கப்படுகிறது? ஒரு கடை பிடிக்காவிடில் மறுகடை செல்லலாம். பணிநீக்கப்பட்டவருக்கு அவ்வசதி இல்லை. (தர முகாமைத்துவத்தின் மூலவர்களுள் ஒருவரான டெமிங், தொழிற்சாலைத் தளத்தில் எண்ணிக்கை இலக்குகளை ஒழிக்கவேண்டுமென வலியுறுத்தியவர். அவர் பெயரை உச்சரிப்போர் இதனை ஏனோ நினைவுகூர்வதில்லை.)

அளவிடுதலையே கைவிடுமாறு நாம் கூறவில்லை. கூலியாளர் வழக்குகளும் கம்பனிகளின் வழக்குகளும் ஒரே சராசரியிற் கலக்கப்படாது தனித்தனியே கணக்கிடப்படல் வேண்டும். வழக்கிட முடியாது போனோர் பற்றிய விபரங்கள் தொழிற்சங்கங்கள், சட்ட உதவி நிலையங்கள் வாயிலாகத் திரட்டப்பட்டு, ஆண்டறிக்கைகளில் அவற்றின் அருகிலேயே இடம்பெறல் வேண்டும்.