காரத்தொழுவு சங்கர்: பொழப்பும் படமும்

அம்புலிமாமா படிச்சு வளர்ந்தவங்க அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டீங்க. தோளில் பிணம், கையில் உருவிய வாள், சுடுகாட்டு வழியே எட்டு வைத்து நடக்கும் விக்கிரமாதித்தன். படம் நினைவிருக்கு, வரைந்தவர் பெயர்தான் பலருக்கும் தெரியாது. கே.சி. சிவசங்கரன், சுருக்கமா சங்கர். அந்த 'கே' உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காரத்தொழுவு. நம்ம கொங்கு நாட்டு ஆளுங்கன்னு நான் சொன்னா, இங்க மேட்டுப்பாளையத்திலேயே ஆச்சரியமாப் பார்க்கிறாங்க.

1924இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே குடும்பம் சென்னைக்குப் போயிடுச்சு. பள்ளி ஓவிய ஆசிரியர் கொடுத்த ஊக்கத்தில் 1941இல் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அப்போ அங்கே முதல்வர், பிற்பாடு மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1946இல் படிப்பு முடிந்ததும் கலைமகளில் மாதம் 85 ரூபாய் சம்பளம். பெரிய குடும்பம், அது பத்தாது. மத்த பத்திரிகைகளுக்கும் வெளிவேலையா வரைந்தார். 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்து, ஏறத்தாழ 60 வருஷம் அங்கேயே வரைந்தார்.

இதே பள்ளியில் இருந்து இன்னொரு பாதையும் கிளம்புச்சு. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினாங்க. பாடிக் துணியும் கைவினைப் பொருளும் வித்துச் சாப்பிட்டாங்க, ஓவியத்தைச் சந்தைக்காக வளைக்காம வச்சுக்கிட்டாங்க. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்ம கலை விமர்சனம் இதிலிருந்து தப்பான பாடம் ஒண்ணு எடுத்துக்கிச்சு: பொழப்பு வேற, கலை வேற. சோழமண்டலம் கலை வரலாற்றில் ஏறிடுச்சு. சங்கரைப் பற்றித் தேடினால் பேட்டியும் அஞ்சலியும் கிடைக்குது. அவர் கோடு எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ந்த கட்டுரை என் கண்ணில் படவில்லை.

அந்த வேதாளப் படத்தையே எடுத்துக்குவோம். ராஜா கையில் வாள் இருக்கு, ஆனால் வெட்டுறதுக்கு எதிரி யாரும் இல்லை. தோளில் இருக்கிறதைத் தூக்கிட்டுப் போகணும், அவ்வளவுதான். சங்கர் பயத்தைக் காட்டலை, பாரத்தையும் நடையையும்தான் காட்டுறார். கதைப்படி ராஜா வாய் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடும், அவன் திரும்பிப் போய் எடுத்து வரணும். முடிவில்லாத வேலை. ஒரே படத்தில் அதைச் சொல்ல, பாதி எட்டில் நிற்கிற கால் போதும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. மாசாமாசம் கெடு வச்சு வேலை வாங்கின பத்திரிகைதான் அந்தக் கையைப் பழக்கியிருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

அம்புலிமாமா பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. எழுத்து மாறும், படம் மாறாது. அதனால் உடை, நகை, கை, பார்வைதான் கதை சொல்லணும். சங்கரின் நுணுக்கமான மைக்கோடுகள் இந்தத் தேவையில் இருந்து வந்தவை. குறையும் அதே இடத்தில்தான் இருக்கு. எல்லா மொழிக்காரங்களுக்கும் பொதுவா வரைந்ததால், அந்த நாடு எந்த ஊர்னு சொல்ல முடியாது. அமராவதிக் கரை மண்ணும் ஆளும் அதில் எனக்குத் தெரியலை. எல்லாரும் கொஞ்சம் அதிகமாகவே அழகு.

இதை இப்போ ஏன் எழுதுறேன்னா, எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடச் சுவர், குழந்தைகள் புத்தகம்னு படிக்கும்போதே வெளிவேலை செய்யுது. "அதெல்லாம் ஓவியமா?"ன்னு வகுப்பில் கேட்கிறாங்களாம். அதுக்குப் பதில் சங்கரின் படத்தில் இருக்கு. யார் காசு கொடுத்தாங்கங்கிறதை வச்சு ஒரு கோட்டின் தரத்தை முடிவு பண்ண முடியாது.

அவர் கதையில் ஒரு எச்சரிக்கையும் இருக்கு. 2007இல் அம்புலிமாமா மும்பைக் கம்பெனி ஒண்ணு கைக்குப் போனப்போ, பழைய இதழ்களின் களஞ்சியமும் கூடவே போச்சு. சங்கர் 2020 செப்டம்பரில் 96 வயசில் காலமானார். பத்மஸ்ரீ அறிவிச்சது 2021இல். அதனால் வெளிவேலை பார்க்கிற தம்பி தங்கைங்களா, வேலையை மறுக்காதீங்க. ஆனால் மூலப்படம் யாருக்கு, மறுபடி அச்சிட்டா காசு யாருக்குன்னு முதல்லயே எழுதி வாங்கிக்குங்க. படத்தின் மூலையில் உங்க பேரையும் போடுங்க.