ஒரு தலையங்கமும் ஒரு பல்கலைக்கழகமும்

எல் சால்வடோர் நாட்டில் 1989 நவம்பர் 16 அன்று அதிகாலையில் இயேசு சபைக் குருக்கள் அறுவர் கொல்லப்பட்டதை நம் வாசகர்களுள் பலர் அறிவர். அவர்களது குருதியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். மறைசாட்சியின் கல்லறையைத் தேடிச் செல்லும் நாம் அவரது மேசையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கொலையாளிகளுக்கு அந்த மேசைதான் பகை. ஆகவே அவர்கள் விட்டுச்சென்ற எழுத்துகளுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது ஒரு தலையங்கம். சான் சால்வடோர் நகரிலுள்ள மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1965-இல் தொடங்கப்பட்டது. அடிமை முறையை ஒழிக்கக் குரல் எழுப்பிய ஹோசே சிமியோன் கானியாஸ் என்னும் குருவின் பெயரைத் தாங்கியது. அரசுப் பல்கலைக்கழகத்தில் இடதுசாரிக் காற்று வீசுகிறது என்று அஞ்சிய வசதி படைத்த கத்தோலிக்கப் பெற்றோர், தம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடமாக இதனை விரும்பினர். பத்தே ஆண்டுகளில் அந்த விருப்பம் எங்கே போய் நின்றது என்பதை இத்தலையங்கம் காட்டுகிறது.

1976-இல் அதிபர் மொலீனாவின் அரசு சிறியதொரு நிலச் சீர்திருத்தத்தை அறிவித்தது. உசுலுத்தான், சான் மிகேல் பகுதிகளில் ஏறத்தாழ 60,000 ஹெக்டேர் நிலம் உழவர்க்குச் செல்லும் என்றது. பல்கலைக்கழகம் இதனை எதிர்க்கவில்லை என்பதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும். தன் ஆய்வு இதழான ‘எஸ்தூதியோஸ் சென்ட்ரோஅமெரிக்கானோஸ்’ வழியே அச்சட்டத்தை ஆராய்ந்து, குறைகளோடே ஆதரித்தது. இராணுவ ஆட்சியின் திட்டத்தை ஆதரிப்பதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. பின்னர் நிலவுடைமையாளர் சங்கங்கள் சீறி எழுந்தன, அரசு பின்வாங்கியது. அப்போதுதான் இக்னாசியோ எல்லாக்குரியா அத்தலையங்கத்தை எழுதினார்.

அதன் தலைப்பு ஒரு சொல் விளையாட்டு. படைவீரன் தன் மேலதிகாரியின் முன் நின்று, ‘உத்தரவு, கப்பித்தான்!’ என்பான். எல்லாக்குரியா கடைசி எழுத்தை மாற்றி, ‘உத்தரவு, கப்பித்தால்!’ என்றார். ஸ்பானிய மொழியில் ‘கப்பித்தால்’ என்பது மூலதனம். ஆட்சியாளர் யாருக்குச் சலாம் போடுகின்றனர் என்பதை ‘ன்’ போய் ‘ல்’ வந்த அந்த ஓர் எழுத்தே சொல்லிவிட்டது. சிலேடையைக் காளமேகத்திடம் சுவைத்துப் பழகிய நமக்கு இதன் கூர்மை எளிதில் விளங்கும்.

ஆய்வு இதழுக்கு எள்ளல் தகுமா என்ற வினா எழலாம். தகும் என்பதே நம் கருத்து. வெறும் எள்ளலாயிருந்தால் அது சுவரொட்டியாகியிருக்கும். அதற்கு முன்பே சட்டத்தை அக்கறையோடு ஆராய்ந்த இதழ் அது. பாராட்ட வேண்டிய வேளையில் பாராட்டியதால், பழிக்க வேண்டிய வேளையில் பழிக்கும் உரிமையைப் பெற்றிருந்தது. ஆட்சியாளருக்கு உறைத்ததும் அதனால்தான். நிரந்தர எதிரியின் ஏச்சை அரசு தூசியெனத் தட்டிவிடும். சான்றோடு பேசுகிறவனின் ஒரு சொல்லைத் தாங்காது. பல்கலைக்கழகத்துக்கான அரசு மானியம் நிறுத்தப்பட்டது. வளாகத்தில் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஆண்டு மார்ச்சில் அருட்தந்தை ருத்தீலியோ கிராந்தே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூனில், இயேசு சபையினர் அனைவரும் முப்பது நாள்களில் நாட்டைவிட்டு வெளியேறாவிடில் கொல்லப்படுவர் என்று ஒரு கொலைக் கும்பல் அறிவித்தது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. கத்தோலிக்க நிறுவனம் மட்டுமே துன்புற்றது என நினைப்பது பிழை. அரசுப் பல்கலைக்கழகத்தை இராணுவம் 1972-இலும் 1980-இலும் கைப்பற்றியது. இரண்டாம் முறை 1984 வரை வளாகம் அடைபட்டுக் கிடந்தது. அதன் தலைவர் பெலிக்ஸ் உல்யோவா 1980-இல் கொல்லப்பட்டார். அவருக்கு நம் நாள்காட்டியில் இடமில்லை.

இரண்டாவது எழுத்து, 1982-இல் அமெரிக்காவின் சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்தில் எல்லாக்குரியா ஆற்றிய பட்டமளிப்பு உரை. தலையங்கத்தின் மின்னல் இதில் இல்லை. சுபீரி என்னும் மெய்யியலாரிடம் பயின்றவரின் நடை இது. மெல்ல நகரும், ஒவ்வோர் அடியையும் அளந்து வைக்கும். புனித ரொமேரோவின் மறையுரைகளில் உழவன் குரல் கேட்கும். இவ்வுரையில் வகுப்பறையின் கரும்பலகை தெரிகிறது. ஆயினும் கருத்து திண்மையானது. ஏழையர் சார்பு என்றால் ஏழை மாணவரை மட்டும் சேர்ப்பதென்றோ, கல்வித்தரத்தைத் தளர்த்துவதென்றோ பொருளன்று என்கிறார். அறிவியலைக் கற்க வாய்ப்பில்லாதவர்களுக்காக அறிவியல், குரல் இல்லாதவர்களுக்காகக் குரல் என்பதே அவர் கருத்து. பல்கலைக்கழகம் தன் பணியைப் பல்கலைக்கழகமாகவே செய்ய வேண்டும். கட்சியாகவோ கோவிலாகவோ அன்று.

இவ்விடத்தில் நாம் ஒரு குறையைச் சுட்ட வேண்டும். நிறுவனமே ஒரு சார்பு எடுத்துவிட்டால், அதனுள் மாறுபட்டு நினைக்கும் பேராசிரியரின் நிலை என்ன? அவருடைய சுதந்திரத்தை யார் காப்பது? உரை இதற்கு நேரான விடை தரவில்லை. ‘சாமியார்களுக்கு அரசியல் எதற்கு?’ என்று நம்மவர் கேட்கும் கேள்வியைவிட இது கடினமான கேள்வி.

உரையில் இல்லாத விடையின் ஒரு பகுதியை உடன் பணியாளர் இக்னாசியோ மார்த்தீன்-பரோவின் பணியில் காணலாம். உளவியல் அறிஞரான இவர் 1986-இல் மக்கள் கருத்தாய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மக்கள் போரை விரும்புகின்றனர் என்று இருதரப்பும் முழங்கிய காலத்தில், மக்களிடமே போய்க் கேட்டு, அவர்கள் பேச்சுவார்த்தையை விரும்புகின்றனர் என எண்களால் காட்டினார். நாம் ஒரு பக்கம் நிற்கலாம். எண்களை அப்பக்கம் சாய்க்கலாகாது. சார்பும் நேர்மையும் ஒன்றையொன்று கொல்ல வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் நல்ல விளக்கத்தை நாம் அறியோம்.

1989 நவம்பர் 11 அன்று கெரில்லாக்களின் தாக்குதல் தொடங்கியது. அரசின் பிடியிலிருந்த வானொலியில் இக்குருக்களுக்கு எதிராக மிரட்டல் குரல்கள் ஒலித்தன. ஐந்தாம் நாள் அத்லகாத்ல் படைப்பிரிவினர் வந்தனர். எல்லாக்குரியா, மார்த்தீன்-பரோ, செகுந்தோ மொந்தேஸ், அமாந்தோ லோப்பெஸ், ஹுவான் ரமோன் மொரேனோ, ஹோவாக்கீன் லோப்பெஸ் ஆகியோரோடு, அங்கே அடைக்கலம் தேடித் தங்கியிருந்த பணிப்பெண் எல்பாவும் அவர் மகள் பதினாறு வயதுச் செலீனாவும் கொல்லப்பட்டனர். படைவீரர் கணினிகளையும் கோப்புகளையும் தீயிட்டனர். வழக்கு நெடுங்காலம் இழுத்தது. முன்னாள் கர்னல் மொந்தானோவுக்கு ஸ்பெயின் நீதிமன்றம் 133 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது 2020-இல்தான்.

இது வலதுசாரிகளின் செயல் மட்டுமே என எவரும் ஆறுதல் அடைய வேண்டாம். அண்டை நாடான நிகராகுவாவில், ஒருகாலத்தில் புரட்சியாளராயிருந்த ஒர்த்தேகாவின் அரசு, 2023 ஆகஸ்டில் மனாகுவாவிலுள்ள இயேசு சபையினரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைப் ‘பயங்கரவாத மையம்’ என்று பழித்துப் பறிமுதல் செய்தது. 2018-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் மாணவர் பக்கம் நின்றதே அதன் குற்றம். கட்டடங்களும் வங்கிக் கணக்குகளும் போயின; வேறு பெயரில் வேறொரு நிறுவனம் அங்கே திறக்கப்பட்டது. வளாகத்திலிருந்த வரலாற்று நிறுவனத்தின் ஆவணக் காப்பகமும் அரசின் கைக்குச் சென்றது. முதலாளிகளுக்குச் சலாம் போட்ட அரசு கோப்புகளை எரித்தது. முதலாளிகளை எதிர்ப்பதாகச் சொன்ன அரசு அவற்றைப் பூட்டித் திறவுகோலைத் தன்னிடம் வைத்துக்கொண்டது.