சாவியை நம்பாத வண்டி

மரக்காணம் உப்பளப் பக்கம் நிற்கும் கார்கள் சில காலைகளில் முரண்டு பிடிக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. டேஷ்போர்டில் சாவிப் படம் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் மறிக்கிறது என்று அர்த்தம். சாவித் தலைக்குள் பேட்டரி தேவைப்படாத சிறு சிப் ஒன்று உண்டு. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில், அதை எழுப்பி அடையாளம் கேட்கும். பதில் சரியில்லை என்றால் இன்ஜினின் கணினியான இசியூ பெட்ரோலை விடாது.

நல்ல எலக்ட்ரீஷியன் எடுத்த எடுப்பில் ஸ்கேனரை மாட்டுவதில்லை. "இன்னொரு சாவி இருக்கா சார்?" என்றுதான் ஆரம்பிப்பார். அதில் வண்டி கிளம்பினால் கோளாறு முதல் சாவியில். இல்லையென்றால் பேட்டரி வோல்ட், ஃபியூஸ், கம்பிச்சுருள், எர்த் என்று வரிசையாகப் போவார். எர்த் போல்ட்டைக் கழற்றினால் துரு. கனெக்டரைப் பிரித்தால் பின்களில் பச்சைக் களிம்பு. எல்லாம் உப்பங்காற்றின் வேலை. சுரண்டி, கிளீனர் அடித்து, இறுக்கி மாட்டியதும் சாவிப் படம் அணையும்.

இசியூவை மாற்றச் சொல்வதற்கு முன் எர்த்தைப் பார்க்கிறவரே தொழில் தெரிந்தவர். கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களே, இரண்டாவது சாவியைத் தொலைத்துவிடாதீர்கள்.