எது வேண்டுமென்று குழந்தைக்கே தெரியுமா?

“உடம்புக்குத் தேவையானதைக் குழந்தை தானே தேடித் தின்னும்” என்று சொல்வோர் உண்டு. அதற்குச் சான்றாக அவர்கள் காட்டுவது, அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1939-இல் வெளியிட்ட ஆய்வுரை. அது உண்மையில் சொல்வதென்ன?

1926-இல் தொடங்கிய சோதனை அது. பால்குடி மறந்த 15 குழந்தைகள். 34 உணவு வகைகள். செவிலியர் வற்புறுத்தக் கூடாது. குழந்தை கை நீட்டினால்தான் ஊட்டலாம். ஒரு குழந்தையின் காலை உணவு அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறும் ஈரலும். இரவு உணவு பல முட்டைகள், வாழைப்பழம், பால்! ஒருவர் உண்டதுபோல் மற்றவர் உண்ணவில்லை. ஆயினும் எல்லாரும் நன்கு வளர்ந்தனர்.

வாசகரே, அந்த உணவுப் பட்டியலைக் கவனியுங்கள். பால், இறைச்சி, முட்டை, தானியம், காய், கனி எல்லாம் இருந்தன. சர்க்கரை இல்லை, டப்பா உணவும் இல்லை. எதைத் தொட்டாலும் நல்லுணவே! சூட்சுமம் பட்டியலில்தான் இருக்கிறது என்று டேவிஸே எழுதினார். பதப்படுத்திய உணவுகளையும் வைத்துச் சோதிக்க விரும்பினார். 1930-களின் பொருளாதார மந்தம் அதைத் தடுத்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகளும் சோதனையில் இல்லை. ஆகவே இனிப்பைக் கண்ட குழந்தை எதை எடுக்கும் என்பதற்கு இவ்வுரையில் விடை கிடையாது.

பிஸ்கட்டுக்கு அழும் குழந்தையிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, டேவிஸைத் துணைக்கு அழைப்பது நியாயமாகாது. எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது நம் பொறுப்பு.