இடது கையின் உறுமல்

எம்.ஐ.ஏ. என்கிற மாயாவின் ‘கலா’ ஆல்பம் என்று வாயெடுத்தாலே எல்லோரும் நேராக ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் போய் நிற்கிறார்கள். நிற்கட்டும். துப்பாக்கி வெடிக்கும் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் யாருக்குத்தான் பிடிக்காது? ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ வந்த சமயத்தில் பொன்னேரி பஸ்ஸில்கூட யாரோ ஒரு பையனின் போனில் அது ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்ல வந்தது இரண்டாவது பாட்டைப் பற்றி. ‘பேர்ட் ஃப்ளூ’. அதிலும் அந்த உறுமி. உறுமியிலும் அதன் இடது முகம்.

வலது பக்கத்தை யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம். வளைந்த குச்சியைத் தோலில் வைத்துத் தேய்க்கிற கைதான் கை. அழுத்தம் இம்மி குறைந்தால் கீச்சென்று நழுவும். கூடினால் தொண்டை அடைத்த மாதிரி நின்றுபோகும். ‘பேர்ட் ஃப்ளூ’வில் அந்த முனகல் கோழிக் கூச்சலுக்கும் பிள்ளைகளின் சத்தத்துக்கும் அடியில் புரண்டுகொண்டே இருக்கிறது. மாயா அதன்மேல் பாடவில்லை, அது விடுகிற இடத்தில் புகுந்து பாடுகிறார். நம் சினிமாவில் உறுமி வந்தால் ஊர்த் திருவிழா என்று அர்த்தம். நாலு வரி வாசித்துவிட்டு ஒதுங்கி வயலினுக்கு வழிவிட வேண்டும். இங்கே அது ஒதுங்கவில்லை.

மாயாவின் குரலில் ஜமைக்கா எப்போதும் உண்டு. ‘பாய்ஸ்’ வீடியோவை அங்கேயே போய் எடுத்தார். ரெக்கேயில் பேஸ் கிட்டார் காதுக்கு வாசிப்பதில்லை, அடிவயிற்றுக்கு வாசிக்கிறது. அந்த வேலையை இங்கே உறுமி பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் பேஸ் கிட்டார் எங்கே என்று தேடவே தோன்றுவதில்லை.

“அந்த உறுமி சினிமாவிலிருந்து எடுத்ததுதானே” என்பான் என் நண்பன். உண்மைதான், ‘ஜெயம்’ படத்தில் ஆர்.பி. பட்நாயக் போட்ட திருவிழாப் பாட்டின் துண்டு ஒன்று அதில் இருக்கிறது. அதற்கென்ன? முதல் பாட்டு ‘பாம்பூ பாங்கா’வில் இளையராஜாவின் ‘காட்டுக்குயிலு’ இல்லையா? ‘ஜிம்மி’ 1982-இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ பாட்டுதானே? எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. சென்னைக்கு வந்து உறுமிக்காரர்களை வைத்தே பதிவுசெய்தார். அமெரிக்கா போய் இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்டுடன் ஆல்பத்தை முடிப்பதுதான் முதலில் போட்ட திட்டம். விசா கிடைக்கவில்லை. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்ற வேண்டியதாயிற்று. அந்த விசா கிடைக்காமல் போனது நம் அதிர்ஷ்டம். சந்தேகம் இருந்தால் டிம்பலாண்டுடன் செய்து கடைசியில் ஒட்டியிருக்கும் ‘கம் அரவுண்ட்’ பாட்டைக் கேட்டுப்பாருங்கள். நான் அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன்.

‘அருளர்’தான் உசத்தி என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ரோலண்ட் எம்.சி. 505 என்கிற மின்னணு இசைப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு தொடங்கிய அந்த 2005 ஆல்பத்தில் பசி தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்பா பெயர் வைத்த ஆல்பத்தில் பெட்டி வாசிக்கிறது. அம்மா பெயர் வைத்த 2007 ஆல்பத்தில் மனுஷக் கை வாசிக்கிறது.

எங்கள் பக்கம் உறுமி அவ்வளவு இல்லை. திருப்பாலைவனத்திலிருந்து பழவேற்காடு வரை அம்மனுக்குக் கூழ் ஊற்றினால் பம்பையும் உடுக்கையும்தான். எங்கள் பெரியப்பா ஏரியில் இறால் வலை போடுகிறவர். பம்பைக்காரர்களைப் பேசி முடித்து அழைத்து வருவதும் அவர்தான். ஆளைக்கூடப் பார்க்க மாட்டார். நாலு தட்டு தட்டச் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுவிட்டு, “இவங்க வேணாம்” என்பார்.

2009-ஆம் வருஷம் என்று நினைக்கிறேன். மெமரி கார்டில் ஏற்றிவந்த ‘பேர்ட் ஃப்ளூ’வை அவர் வலை பொத்திக்கொண்டிருந்த திண்ணையில் ஓடவிட்டேன். “இன்னாடா இது, கோழியப் புடிச்சி அமுக்கற மாதிரி!” என்றார். கை நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நின்றது. வலை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு போனை வாங்கிக் காதோடு வைத்தார்.

“பொண்ணு யாரு?”

“யாழ்ப்பாணத்துப் பொண்ணு. லண்டன்ல இருக்குது.”

“அது கெடக்கட்டும். உறுமிய எவனோ தெரிஞ்சவன் தேய்க்கறான்டா.”

அதற்குப் பிறகு நான் படித்த ஆங்கில விமர்சனம் எதுவும் இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

இப்போது வருகிற தனிப்பாடல்களில் உறுமிக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் விலைக்கு வாங்கிய உறுமி. ஒரே முனகலை வெட்டி வெட்டி ஒட்டுகிறார்கள். இரண்டாவது தடவை தேய்க்கும்போது கை கொஞ்சம் களைத்திருக்க வேண்டாமா? கேட்கிற கருவியும் அப்படித்தான் ஆகிவிட்டது. உள்ளங்கை அளவு ப்ளூடூத் டப்பாவில் ‘பேர்ட் ஃப்ளூ’வைப் போட்டால் கோழி மட்டும் கத்தும், உறுமி அப்படியே காணாமல் போகும்.

போன ஆடியில் எங்கள் ஊரிலும் டி.ஜே. வைத்தார்கள். ஆள் உயரப் பெட்டிகள், நீலமும் பச்சையுமாக லைட்டு. பம்பைக்காரர்கள் கோயில் சுவரோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ‘கலா’ ஆல்பம் இருக்கிறதா என்று டி.ஜே. பையனிடம் கேட்டேன். இருக்கிறது என்று சொல்லி ‘பேப்பர் பிளேன்ஸ்’ போட்டான். பையன்கள் விரலைத் துப்பாக்கியாக்கி வானத்தைச் சுட்டார்கள். பாட்டு முடிந்ததும் பெரியப்பா என் பக்கம் சாய்ந்தார்.

“அந்தக் கோழிப் பாட்டு இல்லியா அவங்கிட்ட?”