படை அச்சிட்ட பணத்தை ரசிப்பது எப்படி?

அயல்நிலத்தில் கால் வைக்கும் எந்தப் படைக்கும் அன்றே அரிசியும் எரிபொருளும் கூலியாட்களும் தேவைப்படுகின்றன; இவற்றை என்றென்றும் பறித்தே பெற முடியாது என்பதால், ஆயுதங்களோடு ஒரு பணத்தையும் அது கொண்டுவருகிறது. நாணயவியலில் படைப்பணம் என்று முதன்மையாகக் குறிக்கப்படுவது இதுவே. முற்றுகைக்கு உள்ளான கோட்டைகளில் அவசரமாக வெட்டப்பட்ட காசுகளும், படைவீரர்கள் தம் முகாமுக்குள் மட்டும் செலவிடத் தரப்பட்ட சீட்டுகளும், கைதி முகாம்களின் கூப்பன்களும், ஒரு படைப்பிரிவின் கேன்டீனில் மட்டும் பணத்துக்கு ஈடாகச் செல்லும் டோக்கன்கள் எனப்படும் உலோக வில்லைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றைச் சேகரிப்போரில் பலர், எது அரியது, எது கசங்காதது என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றனர். அவை விலையை அறிய உதவுமே தவிர, பொருளை ரசிக்க அதிகம் உதவுவதில்லை. இந்தப் பணத்தை ஏற்க மாட்டேன் என்று சொல்ல முடியாமல் இருந்தவர் யார், எந்த எல்லைக்குள் இது செல்லுபடியானது, எந்த நாளில் இது வெறும் தாளானது என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு தாளிடமும் கேட்கப் பழகுவதே இந்தச் சேகரிப்பின் உண்மையான பயிற்சி.

அந்தப் பயிற்சியைத் தொடங்க, 1942 முதல் 1945 வரை மலாயாவில் ஜப்பானியப் படையாட்சி வெளியிட்ட தாள்களைவிடப் பொருத்தமானவை இல்லை. பெருமளவில் அச்சிடப்பட்டதால் அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மலாயாத் தமிழரின் வாழ்க்கையோடு நேரடியாகப் பிணைந்தவையும்கூட. 10 டாலர் தாளில் குலை தள்ளிய வாழைமரம் இருப்பதால், இத்தொகுதி முழுவதற்குமே வாழைப்பணம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 50 சென்ட் தாளில் விசிறி வாழை, 5 டாலர் தாளில் தென்னையும் பப்பாளியும் என, சிறிய மதிப்புகளில் தாவரங்களே மிகுதி. முதல் பார்வையில் ஒரு தாவரவியல் படத்தொகுப்பைப் போலத் தோன்றும் இத்தாள்களில் எது இல்லை என்று தேடும்போதுதான் அவற்றின் இயல்பு வெளிப்படுகிறது. வெளியிட்ட வங்கியின் பெயர் இல்லை, கையொப்பம் இல்லை, தேதி இல்லை, எந்த நாட்டில் செல்லும் என்ற குறிப்பே இல்லை. ஜப்பானிய அரசாங்கம் என்ற பெயர் ஆங்கிலத்திலும் சித்திர எழுத்திலும் இருக்கிறது. சிவப்பு முத்திரை ஒன்றும் இருக்கிறது. டாலர் தாள்களில், கொண்டுவருபவர் கேட்டவுடன் தொகை தரப்படும் என்ற உறுதிமொழி ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. எந்த அலுவலகத்துக்குச் சென்று எதைக் கேட்டுப் பெறுவது என்பதை மட்டும் தாள் சொல்வதில்லை.

நாட்டின் பெயருக்குப் பதிலாக நிற்பது ஓர் எழுத்து. தாளில் சிவப்பில் அச்சிடப்பட்டிருக்கும் தொகுதி எழுத்துகளில் முதலாவது எம் என்றால் அது மலாயாவுக்கு உரியது, பி என்றால் பிலிப்பைன்ஸுக்கு உரியது. பர்மாவுக்கும், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கும், ஓசியானியாவுக்கும் இவ்வாறே தனித்தனி எழுத்துகள் உண்டு. போர் தொடங்குமுன்னரே திட்டமிட்டு, ஆக்கிரமிக்கவிருந்த பகுதி ஒவ்வொன்றுக்கும் பணம் ஆயத்தம் செய்யப்பட்டதன் அடையாளம் இது. தொடக்கத்தில் வந்த 1, 5, 10 டாலர் தாள்களில் தொடர் எண்கள் இருந்தன. பிறகு அவை கைவிடப்பட்டுத் தொகுதி எழுத்துகள் மட்டுமே எஞ்சின. தொடர் எண் என்பது அச்சிட்டவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கணக்கு ஆதலால், எண் உள்ள ஒரு 10 டாலர் தாளையும் எண் இல்லாத ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குக் கட்டுப்பாடு கைவிடப்பட்ட தருணமே கண்முன் நிற்கும். எண் இல்லாத தாளைக் கள்ளமாக அச்சிடுவதும் எளிது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

கை விரல்களுக்கும் இதில் வேலை உண்டு. முற்பட்ட தாள்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்க்குறி, அதாவது காகிதம் செய்யும்போதே உள்ளே பதிக்கப்படும் மங்கலான உருவம், தெரியும். பிற்பட்டவற்றில் காகிதம் தரம் குறைந்து, நீர்க்குறியும் மறைந்துவிடுகிறது. மதிப்புகளின் வளர்ச்சி இன்னும் வெளிப்படையானது. 1942இல் மிகப் பெரிய தாள் 10 டாலர். 1944இல் 100 டாலர் வந்தது. 1945இல் மாட்டுவண்டி பொறித்த 1,000 டாலர் தாள் வந்தது. பொருள்கள் அரிதாகத் தாள்கள் பெருகியதன் விளைவாக விலைவாசி எப்படி ஏறியது என்பதை இந்த வரிசை, புள்ளிவிவரம் எதுவும் இல்லாமலே காட்டிவிடுகிறது.

இத்தொகுதியில் தமிழ் வாசகர் நீண்ட நேரம் நின்று பார்க்க வேண்டியது, 1945இல் வந்த 100 டாலரின் இரண்டாம் வகை. முதல் வகையில் நீரோரக் குடிசையும் மரங்களும் இருக்க, இதில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளர்கள் காட்டப்பட்டுள்ளனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். ஆக்கிரமிப்புக்குப் பின் அமெரிக்க, பிரிட்டானியச் சந்தைகள் அடைபட்டதால் ரப்பர் விலைபோகாமல் கிடந்தது, தோட்டங்கள் செயலிழந்தன, வேலையும் அரிசியும் இழந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில், ஆசை காட்டியும் வற்புறுத்தியும், சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்களுள் பெருந்தொகையினர் காட்டிலேயே மாண்டனர். அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டு முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் இந்தத் தாள், சீராக இயங்கும் ஒரு தோட்டத்தையும் அமைதியாக உழைக்கும் மனிதர்களையும் வரைந்துகொண்டு வெளிவந்தது. ஓவியமாக மட்டும் நோக்கினால் அது நன்றாகவே வரையப்பட்டிருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பார்ப்பவரை உறுத்துவதும் அந்த நேர்த்திதான்.

1945 செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டானியப் படையாட்சி இந்தத் தாள்களைப் பணமாக ஏற்க மறுத்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் இத்தாள்களைக் கொண்டு அடைக்கப்பட்ட கடன்களை என்ன செய்வது என்ற சிக்கல் நெடுநாள் நீடித்து, 1948இல் கடனாளர், கடன் கொடுத்தோர் பற்றிய அவசரச் சட்டம் ஒன்றினால் தீர்க்கப்பட்டது. அதில் வாழைப்பணத்தின் மதிப்பு காலப்போக்கில் எவ்வாறு சரிந்தது என்பதற்கு ஓர் அட்டவணையே இணைக்கப்பட்டது. தாளோடு இத்தகைய சட்டப் பின்னணியையும் குறித்துவைக்கும் சேகரிப்பாளரின் ஆல்பம், வெறும் படத்தொகுப்பு என்ற நிலையைக் கடந்துவிடுகிறது.

பிலிப்பைன்ஸில் கதை வேறு. அங்கே காடுகளிலும் மலைகளிலும் இயங்கிய எதிர்ப்புப் படையினரும் மாகாண அதிகாரிகளும் கிடைத்த காகிதத்தில் தம் சொந்தப் பணத்தை அச்சிட்டனர். அதை வைத்திருப்பதே உயிருக்கு ஆபத்தாக இருந்தது. ஆக, கோணல்மாணலான அச்சு, மங்கிய மை, கையொப்பங்களின் நெரிசல் ஆகிய குறைகளே இங்கு மதிப்புக்குரியவை ஆகின்றன. ஜப்பானியத் தாள்களிலும் பிலிப்பைன்ஸ் வகைகள் சிலவற்றின்மேல் ஜாப்வான்கேப் என்ற ரப்பர் முத்திரை காணப்படும். போர்ப் பணத்தாள்களுக்கு இழப்பீடு கேட்டுத் திரண்ட சங்கத்தின் முத்திரை அது; அமெரிக்க நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கு தோற்றது. முத்திரை பட்ட தாள் கெட்டுப்போன தாள் என்று ஒதுக்குவோர் உண்டு. அது தவறான அளவுகோல், ஏனெனில் பணம் செத்தபின்னும் மக்கள் அதை விடாமல் பற்றியிருந்ததற்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை.

உருப்பெருக்கிக் கண்ணாடியின் பயனைக் கற்க, 1944இல் நேச நாடுகள் ஜெர்மனிக்காக அச்சிட்ட மார்க் தாள்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றை அமெரிக்காவில் அச்சிட்ட ஃபோர்ப்ஸ் நிறுவனம், அலங்காரச் சுருள்களுக்கிடையே எஃப் என்ற எழுத்தை மிக நுண்ணியதாக ஒளித்துவைத்தது. அச்சுக்கான மூலங்கள் சோவியத் ஒன்றியத்துக்கும் தரப்பட்டன. அங்கே அச்சான தாள்களில் அந்த எழுத்து இல்லை, தொடர் எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடும் உண்டு. சோவியத் வீரர்கள் கைக்குத் தாராளமாக வந்த இத்தாள்கள், அமெரிக்க வீரர்களின் வழியாக டாலராக மாறத் தொடங்கியபோது அமெரிக்கக் கருவூலத்துக்குப் பெரும் தலைவலியாயின. அதைத் தவிர்ப்பதற்கான முயற்சிகளிலிருந்து பிறந்ததே, 1946 முதல் 1973 வரை அமெரிக்கப் படைமுகாம்களுக்குள் மட்டும் செல்லுபடியான இராணுவச் சம்பளச் சான்றுச் சீட்டு. கள்ளச்சந்தைக்குச் சென்ற சீட்டுகளைக் கொல்வதற்காக, முன்னறிவிப்பின்றி ஒரு நாள் முகாம் வாயில்களை அடைத்து, பழைய வரிசையை வாங்கிக்கொண்டு புதிய வரிசையைத் தருவது வழக்கம். அன்று வேலிக்கு வெளியே இருந்தவர் கையிலிருந்தது மாலைக்குள் காகிதமானது. வண்ண வண்ணமான இச்சீட்டுகளில் பல வரிசைகள் இருப்பதன் காரணம் அழகுணர்ச்சி அன்று, இந்த அதிரடி மாற்றமே.

வேலிக்குள் அடைபட்டவர்களே வரைந்த பணமும் உண்டு. நாஜிகளிடமிருந்து தப்பி பிரிட்டனுக்கு வந்த யூத அகதிகள் பலர், எதிரிநாட்டுக் குடிமக்கள் என்ற பெயரில் 1940இல் டுனேரா என்ற கப்பலில் ஏற்றப்பட்டு ஆஸ்திரேலியாவின் ஹே என்ற ஊரின் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அங்கு 1941இல் புழங்கிய 6 பென்ஸ், 1 ஷில்லிங், 2 ஷில்லிங் தாள்களை வரைந்தவர் ஜார்ஜ் டெல்ட்ஷர் என்ற முகாம்வாசி. ஓரத்தைச் சுற்றிச் செல்லும் முள்கம்பியைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால், இங்கே இருப்பதால் இங்கே இருக்கிறோம் என்ற பொருளுடைய ஆங்கில வாசகம் அதன் வளைவுகளில் முடிவின்றிச் சுழல்வது தெரியும்; மறுபுறத்துச் செம்மறியாடுகளின் கம்பளிச் சுருள்களுக்குள் முகாம் குடில்களின் தலைவர்களுடைய பெயர்கள் புதைந்துள்ளன. அசல் தாள்கள் அரியவை, விலை மிக்கவை. நல்ல நிழற்படத்தை வைத்துக்கொண்டே இந்த இன்பத்தை முழுதாகப் பெறலாம் என்பதால், வாங்க இயலாதோர் வருந்த வேண்டியதில்லை.

காசுகளைப் பொறுத்தவரை இரண்டைச் சொன்னால் போதும். அயர்லாந்தில் 1689, 1690 ஆண்டுகளில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர், பழைய பீரங்கிகளையும் மணிகளையும் உருக்கி அடித்த பீரங்கிப் பணத்தில் ஆண்டோடு மாதமும் பொறிக்கப்பட்டுள்ளது. போர் முடிந்தபின் அவற்றை நல்ல காசாக மாற்றித் தருவதாக வாக்கு இருந்தது. அக்காலத்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் நாள் தொடங்கியதால், ஒரே மார்ச் மாதத்துக்கு 1689 என்றும் 1690 என்றும் இருவகைக் காசுகள் உள்ளன. அதற்கு முன், 1645–46இல் முற்றுகைக்குள்ளான இங்கிலாந்தின் நியூவார்க் நகரில், வெள்ளித் தட்டுகளை வீணாகாதவாறு சாய்சதுர வடிவில் வெட்டிக் காசாக்கினர். சில காசுகளில் தட்டின் பழைய அலங்கார வேலைப்பாடு இன்னும் தென்படுகிறது. முத்திரையைப் பார்க்குமுன் அந்த எச்சத்தைத் தேடுவது நல்ல பழக்கம்.

இந்தியச் சேகரிப்பாளர் கைக்கு எளிதில் வரக்கூடிய மற்றொன்று, பர்மாவுக்கான மேலச்சுத் தாள். 1945இல் பிரிட்டானியப் படையாட்சி பர்மாவுக்குத் திரும்பியபோது, ஆறாம் ஜார்ஜ் மன்னர் உருவம் கொண்ட இந்திய ரூபாய்த் தாள்களின்மேல், பர்மாவின் படையாட்சி என்றும், பர்மாவில் மட்டும் செல்லும் என்றும் ஆங்கிலத்தில் சிவப்பில் அச்சிட்டு வெளியிட்டது. இந்திய மொழிகள் பலவற்றில் மதிப்பை எழுதிக் காட்டிய இந்தியப் பணத்தாளே ஒரே மேலச்சினால் வேறொரு நாட்டுக்கு உரியதாகிவிட்டது. வாங்குமுன் அந்தச் சிவப்பு மை தாளின் மடிப்புகளில் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிக்க வேண்டும்: அசலில் தாள் தேய்ந்த இடத்தில் மேலச்சும் தேய்ந்திருக்கும், பழைய மடிப்பின் பள்ளத்துக்குள் மை புத்தம்புதிதாக இறங்கியிருந்தால், அது பிற்காலத்தில் சாதாரணத் தாளின்மேல் சேர்க்கப்பட்டதாக இருக்கலாம். ஊசித் துளைகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இந்தியாவில் நோட்டுக் கட்டுகளைக் குத்தித் தைத்து வைப்பது வழக்கமாக இருந்ததால் அவை இயல்பானவை.

போர்க்காலத்தில் இயங்கிய சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் ஆசாத் ஹிந்த் வங்கியின் பெயரில் விற்பனைக்கு வரும் தாள்களில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. அவ்வங்கி 1944 ஏப்ரலில் ரங்கூனில் தொடங்கப்பட்டது வரலாறு. ஆனால் அதன் பெயரைத் தாங்கிய ஒவ்வொரு தாளும் அந்த வரலாற்றைச் சேர்ந்தது என்று கொள்ள முடியாது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர்ச்சி எழுத்தில் இல்லாதபோது, நாட்டுப்பற்றை விலையாகத் தருவது பொருத்தமன்று.

பாதுகாப்பு முறை எளியது. தாளைக் கழுவுவதும் இஸ்திரி போடுவதும், காசைப் புளி தேய்த்துத் துலக்குவதும் அவற்றின் வரலாற்றை அழிக்கும் செயல்கள். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் உள்ள பிவிசி நாளடைவில் கசிந்து தாளையும் உலோகத்தையும் கெடுக்கும் என்பதால் பாலியெஸ்டர் உறைகளே ஏற்றவை. ஈரக்காற்று மிகுந்த கடலோர ஊர்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது மாற்றிவைக்க வேண்டும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசுகள் தொல்பொருள்களாகக் கருதப்படுவதால், அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் வாங்கும்போதே நினைவில் வைப்பது நல்லது. ஆல்பத்தில் தாளுக்குக் கீழே எழுதும் குறிப்பில் விலையையும் தரத்தையும் மட்டும் எழுதாமல், முன்சொன்ன மூன்று கேள்விகளுக்கும் கிடைத்த விடையை எழுத இடம் விட வேண்டும். விடை கிடைக்காத இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தால், அடுத்து எந்த நூலைத் தேட வேண்டும், எந்தத் தாளை வாங்க வேண்டும் என்பது தெளிவாகும்.